15 வயதுப் பையனுக்கு ஐரோப்பாவிலிருந்து கடிதம் வந்தால்

கேள்வி: திருச்சியிலிருந்து வந்து டிரினிடாட்டின் சான் ஃபெர்னாண்டோவில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறோம். கணவருக்கு பாயின்ட் லிசாஸில் வேலை. எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். மகனுக்கு 15 வயது, பள்ளிக் கால்பந்து அணியில் வலது விங்கில் (வலது ஓரத்தில்) ஆடுகிறான், நல்ல வேகம். போர்ச்சுகலில் ஒரு கிளப்பில் பத்து நாள் ட்ரயலுக்கு, அதாவது ஆட வைத்துப் பார்க்கும் தேர்வுக்கு, அழைத்துப் போவதாகச் சொல்லி ஒருவர் 6,000 அமெரிக்க டாலர் கேட்கிறார். தேர்வானால் விசா, படிப்பு, தங்குமிடம் எல்லாம் கிளப்பே பார்த்துக்கொள்ளுமாம். கடிதமும் காட்டினார், படம் இணைத்திருக்கிறேன். பணம் கட்டலாமா? இங்கிருந்து போன லெவி கார்சியா, டுவைட் யார்க் போன்ற வீரர்கள் எப்படித்தான் போனார்கள்?

பதில்: சகோதரி, பணம் கட்டாதீர்கள். முன்பணமாகக் கொஞ்சம் என்று கேட்டாலும் வேண்டாம்.

வீரர்களின் பதிவு, ஒப்பந்த விஷயங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. நீங்கள் அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிளப்பின் சின்னம் பெரிதாக இருக்கிறது, ஆனால் பதில் போட வேண்டிய முகவரி ஒரு ஜிமெயில். எந்த வயது அணியோடு ட்ரயல், எந்த மைதானம், யார் பயிற்சியாளர் என்று ஒரு வரி இல்லை. மகனின் பிறந்த தேதியைக்கூடக் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பையனை அழைக்கும் கிளப் முதலில் கேட்பதே அதைத்தான். ஏனென்றால் மற்ற எல்லாமே அந்தத் தேதியைப் பொறுத்தது.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளில் 19ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. 18 வயது ஆகாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாற்றிப் பதிவு செய்யக் கூடாது என்பது அதன் சாரம். விதிவிலக்குகள் சில உண்டு. கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடிபெயர்ந்தால் பிள்ளை அங்கே ஆடலாம். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான், கணவருக்கு வேலை, அதனால் மகன் டிரினிடாட்டில் ஆடுகிறான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் 16 வயது போதும். எல்லையோரத்தில் வசிப்பவர்களுக்கும் ஒரு சலுகை இருக்கிறது. டிரினிடாட்டிலிருந்து போர்ச்சுகலுக்குத் தனியாகப் போகும் 15 வயதுப் பையன் இவை எதிலும் வரமாட்டான். பத்து நாள் அங்கே பந்து உதைத்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த கிளப்பால் அவனைப் பதிவு செய்ய முடியாது.

இதைச் சொன்னால், 'அப்படியா, உங்கள் கணவருக்கும் அங்கே ஒரு வேலை பார்த்துத் தருகிறேன்' என்று அடுத்த பேச்சு வரலாம். அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். காகிதத்தில் மட்டும் இருக்கும் வேலையை ஃபிஃபா தோண்டிப் பார்க்கும். 18 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்த்ததில் விதி மீறியதற்காக ஸ்பெயினின் பார்சிலோனா 2015இல் இரண்டு இடமாற்றக் காலங்களில் (கிளப்புகள் புது வீரரைச் சேர்க்க அனுமதிக்கப்படும் காலம்) புது வீரர் யாரையும் பதிவு செய்ய முடியாமல் நின்றது. அவ்வளவு பெரிய கிளப்புக்கே அந்த நிலை என்றால், உங்கள் மகனுக்காக யாரும் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்கள்.

கரீபியனில் எல்லோருக்கும் கதவு ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்டினிக், குவாதலூப் தீவுகள் பிரான்ஸின் பகுதிகள். குவாதலூப்பில் பிறந்த பிரான்ஸ் வீரர் லிலியன் துராம் ஒன்பது வயதில் பாரிஸ் பக்கம் போனது வெளிநாட்டுப் பயணமே இல்லை, சொந்த நாட்டுக்குள் ஊர் மாறியதுதான். அந்தக் கதைகளைக் கேட்டு நம் பிள்ளையும் சின்ன வயதிலேயே போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜமைக்காவின் லியோன் பெய்லி சிறுவனாக இருக்கும்போதே வளர்ப்புத் தந்தையோடு ஐரோப்பா போனவர். அவரும் பெல்ஜியத்தின் கென்க் கிளப்புக்கு முறைப்படி ஆடத் தொடங்கியது 18 ஆன பிறகு, 2015இல்தான்.

சரி, லெவி கார்சியாவுக்கு வருவோம். உங்கள் மகன் பார்க்க வேண்டிய பாதை அவருடையது. தெற்கு டிரினிடாட்டின் சான்டா ஃப்ளோராவைச் சேர்ந்தவர். பெனாலில் இருக்கும் சிவா பாய்ஸ் இந்துக் கல்லூரியில் படித்தவர். உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்விடும் தூரம்தான். பள்ளி ஆட்டத்திலும் உள்ளூர் கிளப்பிலும் நாட்டின் அணியிலும் ஆடிக் கண்ணில் பட்டார். 1997 நவம்பரில் பிறந்தவர், நெதர்லாந்தின் ஏ.இசட். அல்க்மார் அவரை எடுத்தது 2015இல், 18 வயதை ஒட்டி. யாருக்கோ டாலர் கட்டி அவர் அங்கே போகவில்லை. கிளப்தான் அவரைத் தேடி வந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அல்க்மாரில் அவரால் நிலையான இடம் பிடிக்க முடியவில்லை. எக்செல்சியர் கிளப்புக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, போனார். 2018இல் இஸ்ரேலின் கிரியாத் ஷ்மோனாவுக்கு மாறினார். நெதர்லாந்து லீக்கிலிருந்து அங்கே போவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இறக்கமாகத் தெரியும். ஆனால் அங்கே வாராவாரம் ஆடக் கிடைத்தது. அடுத்து பெய்தார் ஜெருசலேம், 2020இல் ஏ.இ.கே. ஏதென்ஸ். விங்கில் ஓடிக்கொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் மத்தியாஸ் அல்மெய்டா நடுவில் கோல் அடிப்பவராக ஆட வைத்தார். 2022-23 சீசனில் ஏ.இ.கே. கிரேக்க லீக், கோப்பை இரண்டையும் வென்றது. 2025இல் ஸ்பார்டக் மாஸ்கோ. விமானம் ஏறியதிலிருந்து அந்த லீக் பட்டம்வரை ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. நடுவில் ஊர் திரும்பிவிடலாம் என்று தோன்றக்கூடிய இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தன. ஒரு வீரரின் உழைப்பில் நான் மிகவும் மதிப்பது, பெயர் வராத அந்த ஆண்டுகளைத்தான்.

டுவைட் யார்க்கின் தொடக்கமும் இப்படித்தான். 1989இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அணி கரீபியனுக்குச் சுற்றுப்பயணம் வந்தபோது மேலாளர் கிரஹாம் டெய்லர் பார்த்து எடுத்த டொபேகோ பையன். விலை 1,20,000 பவுண்டு. முதல் ஆட்டம் 1990இல். ஆனால் வில்லாவின் முக்கிய கோல் வீரர் ஆனது 1995-96 சீசனில்தான். 1998இல் மான்செஸ்டர் யுனைடெட் அவருக்குக் கொடுத்தது 1.26 கோடி பவுண்டு. முதல் சீசனிலேயே லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் கிடைத்தன. எல்லோரும் அந்த 1999ஐ மட்டும் சொல்வார்கள். உங்கள் மகனுக்கு 1990 முதல் 1995 வரையான கதையைச் சொல்லுங்கள்.

இப்போது இங்கிலாந்து அப்படி எளிதில் திறக்காது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல், வெளிநாட்டு வீரருக்குப் புள்ளி முறையில் அனுமதி. எந்த நாட்டுக்கு ஆடுகிறார், அந்த நாடு உலகத் தரவரிசையில் எங்கே இருக்கிறது, எந்த லீக்கிலிருந்து வருகிறார் என்று பார்ப்பார்கள். முதல் 50 நாடுகளுக்குள் இருந்தால் வழி சுலபம். டிரினிடாட் பல ஆண்டுகளாக அந்த வட்டத்தில் இல்லை. நெதர்லாந்தில் வேறொரு தடை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு லீக் சராசரியைக் கணக்கில் வைத்து உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால் அவ்வளவு பணத்துக்குத் தகுதி என்று உறுதியாக நம்பும் பையனைத்தான் கூப்பிடுவார்கள்.

பாஸ்போர்ட் விஷயம் உங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல். கார்சியாவுக்கும் யார்க்குக்கும் டிரினிடாட் தேசிய அணி ஒரு கண்ணாடிக் கூண்டு மாதிரி. அங்கே நின்றதால் வெளியில் இருப்பவர்கள் பார்த்தார்கள். உங்கள் மகன் எட்டு வயதிலிருந்து அங்கே வாழ்ந்தாலும், அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாமல் அந்த அணிக்கு ஆட முடியாது. அதை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், நம் நாடு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. கால்பந்துக்காக மட்டும் 15 வயதில் இந்த முடிவை எடுக்க வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை இந்திய வயது அணிகளின் கதவு அவனுக்குத் திறந்தே இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் அவனை ஓர் உள்ளூர் கிளப்பில் முறையாகப் பதிவு செய்து, எந்த ஆண்டு எந்த கிளப் என்ற காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். 12 வயதிலிருந்து வளர்த்த கிளப்புகளுக்குப் பின்னாளில் இடமாற்றத் தொகையில் பங்கு உண்டு. அந்த வரலாறு தெளிவாக இருந்தால் அவனை எடுக்கும் கிளப்புக்கு வேலை எளிது. அப்புறம் வீடியோ. கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய மூன்று நிமிடம் யாருக்கும் உதவாது. முழு ஆட்டம், மேலிருந்து எடுத்தது, நான்கைந்து இருக்கட்டும். பந்து இல்லாதபோது விங்கர் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் கிளப்காரர்கள் தேடுவார்கள்.

கரீபியன் நாடுகளின் பள்ளித் தேர்வான சிஎக்ஸ்சியை ஒழுங்காக எழுதட்டும். டிரினிடாட்டில் வளர்ந்த ஷாக்கா ஹிஸ்லப் அமெரிக்காவின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்துக்கொண்டே கோல் காத்தவர். 1992இல் இங்கிலாந்தின் ரெடிங் கிளப், பிறகு நியூகாசில், 2006 உலகக் கோப்பையில் ஸ்வீடனைக் கோலில்லாமல் நிறுத்திய ஆட்டம். அவர் லண்டனில் பிறந்தவர், அதனால் அனுமதிச் சிக்கல் இல்லை. அது அவருக்குப் பெரிய வசதி. இருந்தாலும் கல்லூரி உதவித்தொகையில் போய் நான்கு ஆண்டு ஆடுவது மதிப்பான வழி. 18ஐத் தாண்டும் காலமும் அதிலேயே கழிந்துவிடும்.

உங்களிடம் பணம் கேட்டவரிடம் மூன்றே மூன்று கேளுங்கள். ஒன்று, ஃபிஃபா ஏஜென்ட் உரிம எண்; 2023 முதல் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபா தளத்தில் இருக்கிறது, பெயரை நீங்களே தேடலாம். இரண்டு, கிளப்பின் சொந்த முகவரியிலிருந்து நேராக உங்களுக்கு ஒரு மின்னஞ்சல். மூன்று, 19ஆவது பிரிவின் எந்த விதிவிலக்கில் மகனைப் பதிவு செய்யப் போகிறார்கள் என்று எழுத்தில் ஒரு வரி. அவனுடைய வருங்கால இடமாற்றத் தொகையில் தனக்குப் பங்கு என்று எந்தக் காகிதத்தையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியாட்கள் வீரரில் பங்கு வைத்திருப்பதை ஃபிஃபா 2015 மே மாதமே தடை செய்துவிட்டது. மூன்றும் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.