பழைய சீடியும் அப்பாவின் ஹார்ட் டிஸ்க்கும்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் இருபது வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். பழைய கொப்பிகளிலிருந்து ஃபைல்களை மீட்பது பற்றி நீங்கள் கேட்டவற்றில் ஆறை எடுத்திருக்கிறேன்.

2004இல் எழுதிய சீடி, பாடசாலை விழாப் படங்கள். டிரைவில் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை. (ஆசிரியை, சாவகச்சேரி)

முதலில் அதை வெளியே எடுங்கள் ரீச்சர். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பெயர் எழுதும் பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தகவல் இருக்கும் படலம் அந்தப் பக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே விழுந்த கீறல்தான் அதிகம் கெடுக்கும்.

பிறகு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். மடிக்கணினி டிரைவ் கைவிட்ட சீடியைப் பழைய மேசைக் கணினியின் டிவிடி ரைட்டர் படித்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதிலும் சரிவராவிட்டால் லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் உண்டு. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு ஃபைலும் வைத்திருக்கும். அதே குறிப்போடு இரண்டாவது டிரைவில் ஓட விட்டால், முதல் டிரைவ் விட்ட ஓட்டைகளில் சில நிரம்பும்.

அப்பாவின் பழைய கணினி ஹார்ட் டிஸ்க்கைக் கேபிளில் மாட்டினேன். ஃபோர்மட் செய்யவா என்று வின்டோஸ் கேட்கிறது. (சுன்னாகம்)

வேண்டாம் தம்பி. அந்தக் கேள்விக்கு எப்போதும் வேண்டாம்தான். வின்டோஸின் செக்டிஸ்க் என்ற திருத்தும் கருவியையும் இப்போது ஓட்ட வேண்டாம், அது டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தும். அந்தக் காலத்து மேசைக் கணினியின் ஐடிஈ (அகலப் பட்டைக் கேபிள்) டிஸ்க்குக்கு யூஎஸ்பி மின்சாரம் மட்டும் போதாது. 12 வோல்ட் தனியாகக் கொடுக்கும் அடாப்டர் தேவை, டிஸ்க்கின் பின்பக்கம் உள்ள சிறு செருகியை (ஜம்பர்) மாஸ்டர் என்று குறித்த இடத்தில் வையுங்கள். முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாகக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியில் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மீட்பு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அசல் டிஸ்க்கை அலுமாரியில் வைத்துவிடுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். வீட்டில் மூடியைத் திறந்தால் மீட்பவருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

அம்மம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டின் (நினைவுப் புத்தகத்தின்) ஃபைல் கிடைத்தது. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. கெட்டுவிட்டதா? (நல்லூர்)

இல்லை அக்கா, ஒரு எழுத்துக்கூடக் கெடவில்லை. அது பாமினியில் தட்டச்சு செய்தது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. ‘அ’ தெரிய வேண்டிய இடத்தில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கிலச் சிறிய ‘எம்’. அந்த எழுத்துருவை நிறுவினாலே தமிழ் தெரியும்.

ஆனால் அதோடு விடாமல் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பாமினியில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் அடிப்போம், யூனிகோடில் ‘க’ முன்னே, கொம்பு பின்னே. நல்ல மாற்றிகள் இதைச் சரியாகச் செய்யும். அவற்றுக்கும் பிடிபடாதது நடுவே வரும் உண்மையான ஆங்கிலம். கனடா விலாசமும் மின்னஞ்சலும் பொருளில்லாத தமிழாகிவிடும், அவற்றைக் கையால் திருத்துங்கள்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல் என்றால், அதன் பின் வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரையான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6, 7 ஆகியவற்றைத் திறக்கும். அதற்குப் பிந்தியவை திறக்காது. ஊரில் பழைய அச்சகங்களில் விசாரியுங்கள்.

பிகேஎஃப் என்று முடியும் பெரிய ஃபைல் ஒன்று இருக்கிறது. அது என்ன, எப்படித் திறப்பது? (கொக்குவில்)

வின்டோஸ் எக்ஸ்பியின் சொந்த பேக்கப். எக்ஸ்பியை மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவி, அதற்குள்ளேயே திறப்பது சுலபம்.

அம்மா தவறி ஐந்து மாதம். அவவின் போன் திரை உடைந்துவிட்டது. வாட்ஸ்அப் குரல் பதிவுகள் வேண்டும். (பருத்தித்துறை)

தம்பி, அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள், அதற்கு ரீலோட் போடுங்கள். கூகுளில் இருக்கும் பேக்கப்பை மீட்க அதே இலக்கத்துக்கு வரும் குறியீடும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். புதிய போனில் நிறுவும்போது, மீட்கவா என்று கேட்கும் இடத்தைத் தாண்டிவிடாதீர்கள். தாண்டினால் அடுத்த பேக்கப் பழையதன் மேல் எழுதிவிடும்.

ஆனால் முதலில் திரையை மாற்றிப் பாருங்கள். அன்ட்ரொய்டில் குரல் பதிவுகள் போனின் நினைவகத்திலேயே தனித்தனி ஓபஸ் ஃபைல்களாகக் கிடக்கும், பூட்டு இல்லை. கணினியில் மாட்டி அப்படியே கொப்பி எடுக்கலாம், விஎல்சி பிளேயரில் கேட்கும். அம்மாவின் குரல் அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவசரப்பட்டு ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

மீட்டதை எங்கே வைப்பது? எஸ்எஸ்டி போதுமா? (மாணவர், திருநெல்வேலி)

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் தகவலை இழக்கலாம், அலுமாரிக் கொப்பிக்கு அது வேண்டாம். சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். 1981இல் எங்கள் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. இரண்டாவது கொப்பி ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

கல்வெட்டு, பாடசாலை மலர், கோயில் மலர் என்றால் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2005இலிருந்து இணையத்தில் இவற்றைச் சேர்த்து வருகிறார்கள். அச்சுப் பிரதி வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். மாற்றிய ஃபைலில் பெயர் பிழையாக இருந்தால் ஒப்பிட்டுத் திருத்த அதுதான் உதவும்.