ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். நன்றாக எழுதுவாள், பள்ளி நாடகங்களில் எல்லாம் நடித்திருக்கிறாள். பத்திரிகைப் படிப்போ விஸ்காமோ (விஷுவல் கம்யூனிகேஷன்) சென்னையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நாங்கள் இந்துக்கள், பி.சி. வகுப்பு. எங்கள் ஊரில் சீட் வாங்கித் தரும் ஒருவர், “அங்கே கிறிஸ்தவர்களுக்குத்தான் இடம். ஞானஸ்நான சர்டிபிகேட் ஒன்று ஏற்பாடு செய்து தருகிறேன், 40 ஆயிரம் ஆகும். சேர்ந்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்” என்கிறார். கொடுக்கலாமா? அங்கே சேர்ந்தால் ஜெபத்துக்குப் போயே ஆக வேண்டுமா?
— விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த ஆளுக்கு 40 ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சேர்க்கைக் குழுவில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த சர்டிபிகேட் வியாபாரம் மே மாதம் பிறந்தால் மழைக்காளான் மாதிரி முளைத்துவிடும். வாங்கியவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்குத்தான் இடம் என்பது முதலில் பொய். அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. அதை வைத்துத் தங்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதி இடத்தை அவர்கள் ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் அரசு உதவி வாங்கும் கல்லூரி மற்றவர்களுக்குக் கதவை மூடிவிட முடியாது. 1992இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைப் பாதிக்கு மேல் போகக் கூடாது என்றது. 2002இல் 11 நீதிபதிகள் அமர்ந்து, எத்தனை சதவீதம் என்பதை அந்தந்த மாநிலத்தின் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம், ஆனால் உதவி பெறும் நிறுவனம் பிறரையும் சேர்த்தாக வேண்டும் என்றார்கள். இந்த நுணுக்கமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலோ லயோலாவிலோ எந்த வகுப்பறையையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள், எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மகள் பொதுப் பிரிவில் தன் சொந்த மார்க்கோடு விண்ணப்பிக்கலாம்.

இனி அந்த சர்டிபிகேட். கிறிஸ்தவ ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பவரிடம் கல்லூரி ஒரு காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாது. கத்தோலிக்கக் கல்லூரி என்றால் திருமுழுக்குச் சான்றோடு, அதாவது ஞானஸ்நான சர்டிபிகேட்டோடு, பங்குத்தந்தையின் கடிதம் கேட்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழிக் கல்லூரி என்றால் ஆயரின், அதாவது சபைப் போதகரின், கடிதம். சர்ச்சில் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர், தேதி, பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கும். ஒரு போன் போட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். அப்படி உடைந்து, அப்பா அம்மாவோடு பெட்டி படுக்கையுடன் வந்த பெண் அதே சாயங்காலம் பஸ் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். புரோக்கர் அன்றைக்கு போனை எடுக்கவே இல்லை. அதோடு, மாற்றுச் சான்றிதழில் இந்து என்றும் உள்ளே வைத்திருக்கும் கடிதத்தில் கிறிஸ்தவர் என்றும் இருந்தால், பொய் ஆவணம் கொடுத்தவர் நீங்கள்தான் ஆவீர்கள், அவர் இல்லை.

இன்னொன்று. உங்களுக்கு இது பொருந்தாது, நீங்கள் பி.சி. ஆனாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் குடும்பங்கள் விழுகின்றன. உங்கள் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் அல்லது வேறு பட்டியல் சாதிப் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து மதத்தில் இருப்பவர்தான் பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அது நியாயமா என்று கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன், ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர் பி.சி. பட்டியலில் வருகிறார். ஆக, ஒரு சீட்டுக்காக வாங்கிய ஞானஸ்நான சர்டிபிகேட், பின்னால் டிஎன்பிஎஸ்சி, வங்கி, ரயில்வே என்று எல்லா இடத்திலும் அந்தப் பிள்ளையின் எஸ்.சி. சலுகைக்கு எதிரான சாட்சியாக எழுந்து நிற்கும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஞானஸ்நானம் பெற்று, சர்ச்சுக்கும் போய்வந்துகொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்பதை அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றே எழுதிவிட்டார்கள். “திரும்பி வந்துவிட்டோம்” என்று சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மூதாதையர் எந்தச் சாதி என்பதற்கும், உண்மையாகவே திரும்பியதற்கும், அந்தச் சமுதாயம் ஏற்றுக்கொண்டதற்கும் ஆதாரம் வேண்டும் என்று 2015இலேயே நிபந்தனை போட்டுவிட்டது அதே நீதிமன்றம். இதையெல்லாம் 40 ஆயிரம் ரூபாய்க்காரர் உங்களிடம் சொல்வாரா?

நிஜமாகவே கிறிஸ்தவரான ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆதிதிராவிடர் நலத் துறையின் கல்வி உதவித்தொகைக்கு நீங்களும் விண்ணப்பிக்கலாம். மதம் மாறியதால் அது இல்லை என்று எந்த குமாஸ்தா சொன்னாலும் நம்பாதீர்கள். வருமான வரம்பு உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜெபம். அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் யாரையும் சம்மதமில்லாமல் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் சம்மதம் சொல்ல வேண்டியவர் நீங்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கிறிஸ்தவ மாணவர்கள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் அதே மணி நேரத்தில் மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் இருப்பார்கள். காலையில் ஒரு பாட்டு, விழா நாளில் ஒரு ஜெபம் காதில் விழும். அதற்காக யாரும் மதம் மாறியதாக என் அனுபவத்தில் இல்லை. விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன கையெழுத்து கேட்கிறார்கள் என்று மட்டும் படித்துவிட்டுப் போடுங்கள்.

எந்தப் படிப்பு என்பதுதான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விஸ்காம் என்றால் ஓவியம், புகைப்படம், கேமரா, எடிட்டிங், விளம்பரம் என்று கையும் கண்ணும் சேர்ந்த படிப்பு. அதற்குச் செலவும் உண்டு. கேமரா, மெமரி கார்டு, கடைசி வருடக் குறும்படம் என்று போய்க்கொண்டே இருக்கும், கல்லூரிக் கட்டணப் பட்டியலில் இது எதுவும் இருக்காது. ஜர்னலிசம் என்றால் செய்தி சேகரிப்பது, எழுதுவது, திருத்துவது, ஊடகச் சட்டம். அங்கே தேவை நிறைய வாசிப்பும் இரண்டு நல்ல செருப்பும்தான். உங்கள் மகள் நன்றாக எழுதுவாள் என்கிறீர்கள், எனக்கு மனசு ஜர்னலிசம் பக்கம்தான் சாய்கிறது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மீடியம் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் தவிப்பார்கள், அப்புறம் தமிழில் எழுதத் தெரிந்த ஒரே காரணத்தால் மற்றவர்களை முந்துவார்கள். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். பத்திரிகையாளராக இந்தப் பட்டம் கட்டாயமும் இல்லை. லயோலாவில் படித்த பத்திரிகையாளர் சாய்நாத் அப்புறம் டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகத்தில் படித்தது வரலாறு. லயோலாவிலிருந்தே வந்த சினிமா இயக்குநர் வெற்றிமாறன் படித்தது ஆங்கில இலக்கியம். ஊடகப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் வரலாறோ தமிழோ பொருளாதாரமோ எடுத்து அதே கல்லூரிக்குள் நுழைந்துவிடுங்கள். கல்லூரிப் பத்திரிகையும் நாடகக் குழுவும் எல்லாத் துறைக்கும் பொது.

நாடகத்தைப் பற்றி உங்கள் மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இந்தக் கல்லூரிகளில் நாடகம் என்பது பெரும்பாலும் ஒரு பாடத்தாள், ஒரு குழு, ஆண்டுக்கு ஓரிரு மேடை. அதற்காக அலட்சியம் வேண்டாம். லயோலாவை நடத்தும் இயேசு சபையார் 1599இல் வகுத்த கல்வித் திட்டத்திலேயே பள்ளி நாடகத்துக்கு இடம் உண்டு, அந்தப் பழக்கம் அவர்கள் கல்லூரிகளில் இன்னும் தொடர்கிறது. கூத்து, வில்லுப்பாட்டு என்று மண் சார்ந்த கலையில் ஆர்வமிருந்தால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையை அவள் பார்க்க வேண்டும். உங்களுக்கு அது சென்னையைவிடப் பக்கமும்கூட. நாடகத்தையே தொழிலாகப் படிக்க நினைத்தால் பட்டம் முடித்த பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. அங்கே பட்டத்தோடு மேடை அனுபவமும் கேட்பார்கள். மூன்று வருடம் கல்லூரிக் குழுவில் நடித்தால் அந்த அனுபவம் தானாக வந்துவிடும்.

பணம் விஷயம். ஊடகப் படிப்புகள் பெரும்பாலும் அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவில்தான் இருக்கின்றன. அதே வளாகத்தில் உதவிபெறும் பிரிவில் வரலாறு படிப்பவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு இங்கே கட்ட வேண்டும். “அது எய்டட் காலேஜ்தானே” என்று யாராவது சொன்னால், இந்தப் படிப்பு எய்டட்டா என்று திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லாத நன்கொடை 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி குற்றம். உங்கள் ஊர் ஆள் அடுத்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு என்று ஆரம்பிப்பார். அது மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு, இங்கே செல்லாது. உங்களுக்கு உண்மையாகவே கிடைக்கக்கூடியது புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். அதற்கு யாருக்கும் கமிஷன் கிடையாது.

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுமை போவது விண்ணப்பத்தில். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் ஒரே விண்ணப்பம். இந்தக் கல்லூரிகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் தனித் தளம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. ஒரு கல்லூரியில் பட்டியல் வருவதற்குள் இன்னொன்றில் பணம் கட்டச் சொல்வார்கள். பாவப்பட்ட பெற்றோர் இரண்டு இடத்தில் கட்டிவிட்டு ஒன்றைத் திரும்பக் கேட்டு நடையாய் நடப்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரிலேயே இதற்கு விதி போட்டிருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுப் பணம், அதில் ஐந்து சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. சில ஆண்டுகளில் இதைவிடத் தளர்வாகவும் தேதி அறிவிப்பதுண்டு. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. எத்தனை அலுவலகத்தில் அதை மதிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சுற்றறிக்கையை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். மார்க் ஷீட்டை உள்ளே வாங்கி வைக்கப் பார்த்தால் அதை எடுத்து மேஜையில் வையுங்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் குரல் தானாக இறங்கும்.

அந்த ஆளுக்கு ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், ஜி-பே மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள்.