கொடுக்காப்புளியும் மூன்று பைட்டும்

அன்புள்ள அக்கா,

தேவனாம்பட்டினத்தில் என் அம்மா நடத்தும் மகளிர் குழுவின் கடன் கணக்கை ஒரு ஓப்பன் சோர்ஸ் என்க்ரிப்ஷன் கருவியில் பூட்டிக் கொடுத்தேன். பாஸ்வேர்ட் ‘கொடுக்காப்புளி’ (இப்போது மாற்றிவிட்டேன்). என் லேப்டாப்பில் திறக்கிறது, அம்மாவின் போனில் ‘சரிபார்ப்பு தோல்வி’ என்று மட்டும் வருகிறது. இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். லேப்டாப்பில் அந்தச் சொல் 45 பைட், போனில் 42. ‘கொ’வை இரண்டும் வேறு வேறாகச் சேமிக்கின்றன. அந்தக் கருவிக்குள் பூட்டும் வேலையைச் செய்கிற லைப்ரரி என்ற நிரல் தொகுப்பே எல்லா பாஸ்வேர்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும்படி பேட்ச் (திருத்த நிரல்) எழுதி, நடந்ததைப் பதிவுசெய்த லாகையும் இணைத்து அதைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். புதுக் கோப்பில் சோதித்தேன், நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ‘லைப்ரரிக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். பழைய கோப்புகள் என்ன ஆகும்? அதைச் சோதிக்கும் டெஸ்ட் நிரல் எழுதி அனுப்புங்கள்’ என்று திருப்பிவிட்டார்கள். தமிழில் பாஸ்வேர்ட் வைப்பவர்கள்மேல் அவர்களுக்கு அக்கறை இல்லை என்றே தோன்றுகிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படித்ததும் முதலில் மகிழ்ச்சிதான். ‘போன் சரியில்லை’ என்று விடாமல் பைட் வரைக்கும் போய் எண்ணியிருக்கிறீர்கள். ஏழு எழுத்துச் சொல். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது 14 குறிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 42. உங்கள் லேப்டாப் விசைப்பலகை ‘கொ’வின் உயிர்க்குறியை ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக வைக்கிறது. ஒரு குறி கூடி 45. திரையில் இரண்டும் ஒன்றுதான், எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. ஆனால் பாஸ்வேர்டிலிருந்து சாவி செய்யும் ஆர்கான்2 போன்ற செயல்முறைக்கு ஒரு பிட் மாறினாலே வேறு சாவி.

இப்போது உங்கள் பேட்ச். கோபம் ஆறிய பிறகு ஒரு நிமிடம் யோசியுங்கள். அம்மாவின் கோப்பு பூட்டப்பட்டது 45 பைட் சொல்லால். உங்கள் பேட்ச் எதைத் தட்டினாலும் 42 ஆக்கிவிடும். அது ஏறிய அன்றே, இப்போது திறக்கிற உங்கள் லேப்டாப்பிலும் அந்தக் கோப்பு திறக்காது. நீங்கள் சோதித்தது புதுக் கோப்பில். ‘பழைய கோப்புகள் என்ன ஆகும்’ என்று அவர்கள் கேட்டது உங்கள் அம்மாவின் கணக்கைப் பற்றித்தான், அவர்களுக்கே அது தெரியாமல்.

இந்த வேலையில் ‘நன்றாக வேலை செய்கிறது’ என்பதை நான் நம்புவதே இல்லை. வேறு மென்பொருளில் தப்பு நடந்தால் கணக்கு இடிக்கும், பக்கம் உடையும். மறையாக்கத்தில், அதாவது என்க்ரிப்ஷனில், தப்பான விடையும் சரியான விடை மாதிரியே குப்பையாகத்தான் தெரியும். 2006 செப்டம்பரில் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில், மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் இரண்டு வரியை எடுத்தார்கள். நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி அந்த வரிகளைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தது, அதை அடக்கத்தான். அதில் ஒரு வரிதான் சாவி செய்வதற்கான தற்செயல் எண்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் புராசஸ் எண் மட்டும். ஒரு வகைச் சாவிக்கு அதிகபட்சம் 32,768 சாத்தியங்கள், சாதாரணக் கணினியே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். 2008 மே மாதம் வெளியே தெரிந்தது. அதுவரை எல்லாச் சாவியும் பூட்டைத் திறந்தது, எந்தத் தளமும் விழவில்லை. டெஸ்ட் கேட்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தக் கதையைப் படித்த பிறகுதான்.

ஆனால் உங்கள் குறை நியாயமானது. அது தீர வேண்டிய இடம்தான் வேறு. லைப்ரரிக்கு வருவது சொல்லா, படமா, தற்செயலாக எடுத்த 32 பைட்டா என்று அதற்குத் தெரியாது. தெரியாமல் திருத்தப் போனால் நல்ல சாவியையும் கெடுத்துவிடும். எழுத்தை எழுத்தாகப் பார்ப்பது மேலே இருக்கிற கருவிதான், ஆகவே பேட்ச் அங்கே போகட்டும். புதிதாகப் பூட்டும்போதும் அதைத் திறக்கும்போதும், குறிகளைச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டுக்கு அதைத்தான் 2017இல் வந்த ஆர்எஃப்சி 8265 என்ற இணையத் தரநிலை ஆவணமும் சொல்கிறது. கோப்பின் தலைப்பில் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டுங்கள். பழைய எண் இருந்தால் முதலில் தட்டியதைத் தட்டியபடியே போட்டுப் பாருங்கள், பிறகு சேர்ந்த வடிவம், பிறகு பிரிந்த வடிவம். ஆர்கான்2 வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது, போனில் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும். கணக்கு திறக்குமே.

‘சரிபார்ப்பு தோல்வி’ என்று மொட்டையாகச் சொல்கிறது என்று வருந்துகிறீர்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். பாஸ்வேர்ட் தப்பா, கோப்பு கெட்டதா, யாராவது கைவைத்தார்களா என்று லைப்ரரிக்கே தெரியாது. அதோடு, பிழையைப் பிரித்துச் சொல்வதே ஆபத்து. செய்தியைச் சம அளவுத் துண்டுகளாக்கிப் பூட்டும்போது, குறைகிற கடைசித் துண்டை நிரப்பிய விதம் சரியா தப்பா என்று மட்டும் ஒரு சர்வர் காட்டிக்கொடுத்தால் போதும், சாவி இல்லாமலே செய்தியைப் பைட் பைட்டாக எடுத்துவிடலாம் என்று 2002இல் செர்ஜ் வோதனே என்ற மறையாக்க ஆய்வாளர் காட்டினார்.

லாகை அனுப்பியதாகச் சொன்னீர்களே, அங்கேதான் எனக்குப் பகீர் என்றது. பாஸ்வேர்டை மாற்றியது நல்லது. ஆனால் பழைய பாஸ்வேர்டின் பைட் அத்தனையும் அந்த லாகில் இருக்கிறது, அதால் பூட்டிய பிரதி யார் கையில் கிடைத்தாலும் திறந்துவிடும். நானும் இதைச் செய்தவள். புதுச்சேரியில் ஒரு அலுவலகத்துக்கு வேலை பார்த்தபோது பிழை தேட சாவியையே லாகில் அச்சிட்டேன். பிழை அன்றே கிடைத்தது. அச்சிடும் வரியை எடுக்க மறந்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து, எல்லோரும் உட்காரும் பொதுக் கணினியில் அந்த லாகைப் பார்த்தபோது கை நடுங்கியது. அன்று முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாகச் சாவி மாற்றினேன். தேடும்போது போலி பாஸ்வேர்ட், போலிக் கோப்பு. அதைத் தவிர எதையும் லாகில் விடாதீர்கள்.

டெஸ்டுக்கு வருவோம். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் இரண்டு வடிவத்திலும் போடுங்கள். மூன்றாவதில் கவனம். நம்மில் பலர் ‘கௌரவம்’ என்பதைக் ‘கெளரவம்’ என்று, அதாவது ‘கெ’ போட்டு ‘ள’ போட்டுத் தட்டுகிறோம். என்எஃப்சி அதைத் திருத்தாது, ‘ள’ உண்மையிலேயே வேறு எழுத்து. நாமாகத் திருத்தலாம் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் ஊரில் கெளுத்தி வாங்குகிறவர் அதையே பாஸ்வேர்டாக வைத்தால் என்ன செய்வீர்கள்? அந்த இரண்டும் வேறு வேறாகவே இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் இந்த டெஸ்டை யோசித்திருக்கவே முடியாது.

எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், என்னிடம் இருக்கிற பழைய போன்களில் ஓட்டிப் பார்க்கிறேன். 45 பைட்டில் பூட்டிய அந்தப் பழைய கோப்பு இன்னும் இருந்தால், கணக்கையெல்லாம் வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதை மட்டும் அழிக்காமல் உங்கள் லேப்டாப்பிலேயே வைத்திருங்கள். அம்மாவின் போனில் புது பேட்ச் முதலில் திறந்து காட்ட வேண்டியது அதைத்தான்.

அன்புடன்,
அக்கா