மிட்வே பக்கம் பேச வேண்டுமா? எதிரணி என்ன கேட்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

கேள்வி: கல்லூரி விவாதப் போட்டியில் 'பசிபிக் போரின் போக்கை மாற்றிய கடற்போர் எது?' என்று தலைப்பு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானும் அமெரிக்காவும் மோதிய சண்டைகளில் எனக்கு மிட்வே, எதிரணிக்குக் குவாடல்கனால். எப்படித் தயாராவது?

பதில்: என்னைக் கேட்டால் எதிரணியின் கைதான் கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. ஆனாலும் மிட்வேயை வைத்து ஜெயிக்கலாம், வழக்கமாகச் சொல்லப்படும் கதையை அப்படியே ஒப்பிக்காமல் இருந்தால்.

அந்தக் கதை தெரிந்ததுதான். 1942 ஜூன் 4, மிட்வே தீவுப் பக்கம், காலை பத்தரைக்குச் சற்று முன் அமெரிக்க டைவ் பாம்பர் விமானங்கள் பாய்ந்து வந்து ஆகாகி, காகா, சோர்யூ என்ற மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களையும் சில நிமிடங்களில் எரியவிட்டன, மாலையில் ஹிர்யூவும் தீப்பிடித்தது. இதுவரை சரி. கூடவே, 'ஜப்பானிய விமானங்கள் மேல்தளத்தில் புறப்படத் தயாராக நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும்' என்று ஒரு வால் சேர்ப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். தாக்குதலுக்குப் போக வேண்டிய விமானங்களில் பெரும்பாலானவை அப்போது கீழ்த்தளக் கொட்டகையில்தான் இருந்தன. மேல்தளத்தில் காவல் விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. 'ஜப்பானின் சிறந்த விமானிகள் எல்லாம் அங்கேயே செத்தார்கள்' என்பதும் வேண்டாம். விமானங்களில் பறந்தவர்களில் இறந்தது ஏறக்குறைய 110 பேர்தான், அக்டோபரில், குவாடல்கனால் சண்டையின்போது நடந்த சாண்டா குரூஸ் கடற்போரில் அதைவிட அதிகம். விஷயம் தெரிந்த நடுவர் இருந்தால் இந்த இரண்டிலும் மதிப்பெண் போய்விடும்.

உங்கள் வாதம் இப்படிப் போகட்டும்: பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் நான்கு ஒரே போரில் போயின. அதுவரை அடுத்த சண்டை எங்கே என்று தீர்மானித்தது ஜப்பான். அந்த ஏப்ரலில்தான் ஜப்பானிய அட்மிரல் நாகுமோவின் கப்பல்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் விமானந்தாங்கி ஹெர்மிஸை மூழ்கடித்திருந்தன (ஆகாகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும் அங்கேயும் வந்தவை). மிட்வே முடிந்து இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 7 அன்று, இடத்தைத் தேர்ந்தெடுத்து இறங்கியது அமெரிக்கா. இறங்கிய இடம் குவாடல்கனால்! எதிரணியின் போரே உங்கள் போரால்தான் வந்தது என்று அங்கே அழுத்திச் சொல்லுங்கள்.

அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மிட்வேக்குப் பிறகும் ஜப்பான் அடித்துக்கொண்டுதானே இருந்தது என்பார்கள், அது உண்மையும்கூட. ஆகஸ்ட் 9 அதிகாலை குவாடல்கனாலை ஒட்டிய சாவோ தீவருகே நேச நாடுகளின் நான்கு கனரக குரூசர் போர்க்கப்பல்கள் போயின, அமெரிக்க விமானந்தாங்கிகளில் செப்டம்பரில் வாஸ்ப், அக்டோபரில் ஹார்னெட். அந்த மாதக் கடைசியில் பசிபிக்கில் அமெரிக்காவுக்கு மிஞ்சிய பெரிய விமானந்தாங்கி அடிபட்ட என்டர்பிரைஸ் ஒன்றுதான், சாரடோகா பழுதுபார்ப்பில் கிடந்தது. அப்புறம் நவம்பர் 12 முதல் 15 வரை குவாடல்கனால் அருகே நடந்த சண்டையை எடுப்பார்கள். முதல் இரவில் இரண்டு அமெரிக்க ரியர் அட்மிரல்கள் இறந்தார்கள், அடிபட்ட ஜப்பானியப் போர்க்கப்பல் ஹியெய் மறுநாள் மூழ்கியது, ஜப்பானியத் துருப்புகளை ஏற்றிவந்த 11 கப்பல்களில் ஏழு கப்பல்களை அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன, கடைசி இரவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வாஷிங்டன் ரேடார் உதவியோடு ஜப்பானின் கிரிஷிமாவைச் சுட்டு முடித்தது. அதன்பின் ஜப்பான் தீவை மீட்கப் பெரிய முயற்சி எதுவும் செய்யவில்லை, பிப்ரவரியில் மிச்சப் படையை அள்ளிக்கொண்டு போனது. என் ஓட்டு இதற்குத்தான் என்பதற்குக் காரணமும் இதுதான்: மிட்வேக்குப் பிறகு தராசு சமமாக நின்றது, இங்கேதான் சாய்ந்தது.

இதற்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: மிட்வேயில் போன அந்த நான்கு விமானந்தாங்கிகளும் ஜப்பானிடம் இருந்திருந்தால் சாண்டா குரூஸில் என்ன ஆகியிருக்கும்? என்டர்பிரைஸாவது மிஞ்சியிருக்குமா? கேட்டுவிட்டு ஒரு நொடி நிறுத்துங்கள்.

'அமெரிக்காவின் புதிய எசெக்ஸ் வகை விமானந்தாங்கிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, அமெரிக்கா எப்படியும் ஜெயித்திருக்கும்' என்று யாராவது கிளம்பினால் பயப்பட வேண்டாம். முதல் கப்பலே 1942 டிசம்பர் 31 அன்றுதான் படையில் சேர்ந்தது. அந்த ஆண்டுச் சண்டை முழுக்கக் கையில் இருந்ததை வைத்துத்தான் நடந்தது. தவிர, அந்த வாதம் எதிரணியின் குவாடல்கனாலையும் சேர்த்தே அடிக்கும். பவளக் கடல் போரை இழுத்தால் மறுக்காதீர்கள்: மே மாதம் அங்கே அடிபட்ட ஜப்பானிய விமானந்தாங்கி ஷோகாகுவும் விமானங்களை இழந்த சுய்காகுவும் மிட்வேக்கு வர முடியாமல் போனது உண்மை, அதை ஒரே வரியில் ஒப்புக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.