ரத்தமா, பட்டாவா?

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கார்ட்டர் குடும்பத்தின் வம்சாவளியைப் படித்தேன். ஒரு கவர்னர், 2 ஜனாதிபதிகள், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள், தளபதி ராபர்ட் லீ... சில குடும்பங்களுக்குப் பொதுச்சேவை ரத்தத்திலேயே ஊறியது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: ரத்தத்தைச் சோதிப்பதற்கு முன்னால் பட்டாவைப் பார்த்துவிடலாமே!

அந்த வம்சத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர் ராபர்ட் கார்ட்டர் (1663-1732). பட்டப்பெயர் 'கிங்'. சட்டசபையின் சபாநாயகர், அன்றைக்கு பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் பொருளாளர், 1726-27இல் பொறுப்பு கவர்னர். சரி, சேவைதான். கூடவே, ஃபேர்ஃபாக்ஸ் பிரபு குடும்பத்தின் பரந்த நிலங்களுக்கு ஏஜெண்டாகவும் இருந்தார். கேட்டு வருகிறவர்களுக்கு நிலம் எழுதிக் கொடுக்கும் வேலை. பிள்ளைகள், பேரன்கள் பேரில் தாராளமாக எழுதினார். பரிமாறுகிறவன் நம்மாளாக இருந்தால் கடைசிப் பந்தியானாலும் கவலையில்லை என்பார்கள். இங்கே பரிமாறுகிறவரே முதல் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். சாகும்போது சொத்து சுமார் 3 லட்சம் ஏக்கர், 700க்கும் மேற்பட்ட அடிமைகள்.

1708இல் லங்காஸ்டர் கவுண்டி கோர்ட்டில் அவர் ஒரு புகார் கொடுத்தார். பம்பாரா ஹாரி, டைனா என்ற 2 அடிமைகள் எதற்கும் திருந்தவில்லையாம். அவர்களுடைய கால்விரல்களை வெட்ட கார்ட்டருக்கு முழு அதிகாரம் உண்டு என்று கோர்ட் உத்தரவு போட்டது. ஹாரிக்கும் டைனாவுக்கும் வம்சாவளி எழுத யார் வரப்போகிறார்கள்?

மகள் ஆன், ஹாரிசன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டார். நீங்கள் சொன்ன 2 ஜனாதிபதிகளும் அந்த வழிதான். அதில் முதலாமவர் பதவியில் இருந்தது ஒரே மாதம். அதையும் சேவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வர்ஜீனியாவில் நிலம் இல்லாதவனுக்குப் பொதுவாக ஓட்டே கிடையாது. ஏக்கர் கணக்கில் வளைத்தவர்கள் வீட்டிலிருந்து தலைவர்கள் வந்ததில் என்ன அதிசயம்?

அப்புறம், உங்கள் பட்டியலில் விட்டுப்போனவர் ஒருவர் உண்டு. 'கிங்'கின் பேரன், அவர் பெயரும் ராபர்ட் கார்ட்டர்தான். 1791இல் ஒரு பத்திரம் எழுதி, ஏறக்குறைய 500 அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க ஏற்பாடு செய்தார். ஜார்ஜ் வாஷிங்டன்கூடத் தன் அடிமைகளின் விடுதலையை உயிலில்தான் எழுதிவைத்தார். இவர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கிவிட்டார். அக்கம்பக்கத்துப் பண்ணையார்கள் கொதித்தார்கள், சொந்தக்காரர்களும் முகம் சுளித்தார்கள். மனிதர் 1793இல் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தார், பத்திரத்தை மட்டும் ரத்து செய்யவில்லை.