சுகாதாரத் திட்டத்தை மதிப்பீடு செய்த பிறகு, முடிவுகளை அந்தப் பகுதி மக்களுக்கும் சொல்ல வேண்டுமா?

கேட்டவர் ஏதோ தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர் போலத் தெரிகிறது. மேலே இருப்பவர்கள் "நிதி கொடுத்தவங்களுக்கு அறிக்கை அனுப்பியாச்சு, அது போதும்" என்று சொல்லியிருப்பார்கள். போதாது. நான் மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே வீடு வீடாக ஏறி இறங்கி ஃபாரம் நிரப்பியவள், அந்த உரிமையில் சொல்கிறேன். டாக்டர் இல்லை, புள்ளியியல் படித்தவளும் இல்லை. அதனால் "உன் சாம்பிள் என்ன, எத்தனை பேர்" என்று கீழே வரப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் திட்டம் கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றியது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று கணக்கு. அரசு கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். (இதை வைத்து தாராவிக்காரர்கள் இப்படித்தான் என்று ஆரம்பிக்காதீர்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.) மாத்திரை கொடுத்த கணக்கு எங்களிடம் பக்காவாக இருந்தது, ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் அளவு ஏறவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்ற கேள்விக்கு ஃபாரத்தில் மறதி, குமட்டல், வீட்டில் வேண்டாம் என்றார்கள், மற்றவை என்று கட்டங்கள். நிறையப் பேர் "மற்றவை" என்றே போட வைத்தார்கள். அறிக்கை அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டது. பாந்த்ராவில் ஒரு ஏசி ஹாலில் ஆங்கிலத்தில் வாசித்து, கை தட்டி, சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

நான் தெருவில் தலை காட்டினால், "ஏட்டி, அன்னைக்கு ரத்தம் எடுத்துட்டுப் போனியே, என்னாச்சு?" என்று கேட்கிறார்கள். எத்தனை நாள்தான் மழுப்புவது? எங்கள் மேலாளரிடம் நச்சரித்து அனுமதி வாங்கி, 90 ஃபீட் ரோட்டுக்கு உள்ளே ஒரு கோயில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டினோம். சார்ட்டில் சிவப்பும் பச்சையும் பொட்டு ஒட்டி, மாத்திரை இத்தனை போனது, ரத்தம் இவ்வளவுதான் ஏறியது, காரணம் எங்களுக்கும் புரியவில்லை என்று தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் சளசளவென்று பேச்சு. அப்புறம் பின்னால் இருந்து ஒரு ஆச்சி: "இத முழுங்குனா வயிறு கட்டிக்கிடுது. உள்ள போயி உக்காந்தா லேசுல வர முடியல. வெளிய நிக்கிறவ கதவ ஒடைக்கா. எங்க பிள்ள எப்படி சாப்பிடும்?" மொத்தக் கூட்டமும் சிரித்தது, பின்னாலேயே ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று பழகாத ஒருவர் எழுதிய ஃபாரத்தில் அந்தக் கட்டம் எங்கிருந்து வரும்! முடிவைக் கொண்டுபோய்ச் சொன்னதால்தான் அந்த முடிவுக்கே அர்த்தம் தெரிந்தது.

பலன் இல்லை என்ற முடிவையும் சொல்லுங்கள். ஜார்கண்ட், ஒடிசா கிராமங்களில் பெண்கள் குழுக் கூட்டங்கள் நடத்தியதில் பச்சிளங்குழந்தை இறப்பு நன்றாகக் குறைந்தது என்று 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதே பாணியில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் 48 இடங்களை எடுத்து ஆராய்ந்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. அதை 2012-ல் மறைக்காமல் வெளியிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. நம் ஆட்களாக இருந்தால் "விழிப்புணர்வு அதிகரித்தது" என்று எழுதி மூடியிருப்பார்கள். எல்லா நிறுவனங்களையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் மனசு ஆறவில்லை. அந்த அறிக்கையின் அட்டையில் எங்கள் தெருக் குழந்தை சாக்கடை ஓரம் மூக்கொழுக நிற்கிற படம். பக்கத்திலேயே அதன் அம்மா தினமும் பளபளவென்று துலக்கி அடுக்குகிற பாத்திரங்கள் இருந்தன, அது படத்தில் வராமல் வெட்டியிருந்தார்கள். இப்படியே காட்டிக் காட்டித்தான் என் தம்பி வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் தாராவி என்று போடாமல் பக்கத்துப் பகுதியான சயான் என்று போடுகிறான். ஊரில் பெண் கேட்டுப் போனாலும் இதே கதை.

சரி, உங்கள் விஷயம். ஒவ்வொருவருடைய ரத்த அளவையும் அவரவர் கையில் சீட்டாகக் கொடுங்கள், கூட்டத்தில் வாசிக்காதீர்கள். சந்து வாரியாகப் பிரித்துப் போட்டாலும் யார் யார் என்று எங்கள் ஆட்கள் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். டீ, வடைக்கான காசைத் திட்டச் செலவிலேயே முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்டால் தர மாட்டார்கள். கூட்டத்தைத் தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள், ஒருத்தரும் வர மாட்டார்கள்.