பள்ளி வரி கட்டுகிறேன், பள்ளித் தேர்தலில் ஓட்டுப் போடலாமா?

கேள்வி: டெக்சாஸ், காலின் கவுண்டியில் 7 வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறேன். 2021இல் கிரீன் கார்டு வந்தது. வீட்டை 6,20,000 டாலருக்கு மதிப்பிட்டிருக்கிறார்கள். வரி பில்லில் பாதிக்கு மேல் பள்ளி மாவட்டத்துக்கே போகிறது. போன நவம்பரில் புதுக் கட்டடங்களுக்கென்று கடன் பத்திரத் தேர்தல் வைத்து, சொற்பப் பேர் ஓட்டிலேயே நிறைவேற்றிவிட்டார்கள். என் மகள் படிக்கும் தொடக்கப்பள்ளியை மூடப்போவதாகப் பேச்சு. கூட்டத்தில் கேட்கப் போனால் வாரியத் தலைவர் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கோயில் வாசலில் ஒரு தன்னார்வலர் வாக்காளர் படிவம் தந்தார். நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் என் நண்பர் குடியுரிமை இல்லாமலேயே பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். மே மாதம் பள்ளி வாரியத்துக்கு மட்டும் நானும் போடலாமா? முடியாதென்றால், பள்ளி வரியைக் கட்டாமல் நிறுத்திவைத்து வழக்குப் போடலாமா? எச்-1பி வேலை விசாவில் இருக்கும் என் மைத்துனர் ஒரு வேட்பாளருக்கு 250 டாலர் கொடுத்திருக்கிறார். அதில் தவறொன்றும் இல்லையே?

பதில்: ஓட்டுப் போடக் கூடாது. பள்ளி வாரியம், நகர மன்றம், கடன் பத்திரம் என எந்தத் தேர்தலிலும், எந்த வாக்குச்சீட்டிலும் கூடாது.

பள்ளி மூடுவது, தலைவர் நடந்துகொண்ட விதம், குறைந்த வாக்குப்பதிவு ஆகியவற்றுக்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. கடன் பத்திரத் தேர்தலை எதிர்த்து வழக்குப் போடும் தகுதி வாக்காளருக்கு மட்டும்தான் உண்டு. மாநில அட்டர்னி ஜெனரல் ஒப்புதல் தந்து பத்திரம் வெளியான பிறகு அந்த வாக்காளராலும் அசைக்க முடியாது. உங்கள் கடிதத்தில் சட்டத்தின் கண்ணில் படுகிற வாக்கியம் ஒன்றுதான்: "நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன், அட்டை வந்திருக்கிறது."

டெக்சாஸ் வாக்காளர் படிவத்தின் முதல் கேள்வியே 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா' என்பதுதான். 'இல்லை' என்று குறித்திருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருக்கும். வெறுமனே விட்டிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். அட்டை வந்திருக்கிறது என்றால், 'ஆம்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நீங்கள் போட்டீர்களா, உதவி செய்ய வந்தவர் போட்டாரா என்பது பின்னால் முக்கியமாகும். ஆனால் கையெழுத்துக்குச் சற்று மேலே இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்: நான் இந்தக் கவுண்டியில் வசிப்பவன், அமெரிக்கக் குடிமகன், பொய்த் தகவல் தருவது குற்றம் என்று அறிவேன் என அதில் இருக்கும். அந்த உறுதிமொழிக்குக் கீழேதான் உங்கள் கையெழுத்து இருக்கிறது.

இதன் விளைவு இரண்டு பக்கமிருந்து வரும். குற்றவியல் பக்கம் முதலில். குடிமகன் என்று தெரிந்தே பொய் சொல்லி வாக்காளராகப் பதிவு செய்வது கூட்டாட்சிச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்தப் பிரிவு மாநில, உள்ளூர்த் தேர்தல்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 'பள்ளி வாரியம்தானே' என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. தகுதி இல்லையென்று தெரிந்தும் ஓட்டே போட்டுவிட்டால், டெக்சாஸில் 2023இலிருந்து அது இரண்டாம் நிலைப் பெருங்குற்றம்: 2 முதல் 20 ஆண்டு வரை. 2017இல் டாரன்ட் கவுண்டியில் கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு 8 ஆண்டுச் சிறை விதித்தார்கள். அவர் கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவர். கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் ஓட்டுரிமையில் உள்ள வேறுபாடு தனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தார், ஜூரி என்னும் நடுவர் மன்றம் ஏற்கவில்லை.

அடுத்தது குடிவரவுப் பக்கம். உங்களுக்கு இதுதான் பெரிய அபாயம். குற்ற வழக்கு இல்லாமலேயே, தண்டனை இல்லாமலேயே, நாடுகடத்தலுக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, எந்தக் கூட்டாட்சி, மாநில, உள்ளூர்ச் சட்டத்தையாவது மீறி ஓட்டுப் போட்டது. இரண்டாவது, கூட்டாட்சி அல்லது மாநிலச் சட்டப்படியான ஏதாவது பயனுக்காகக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னது. முதலாவது உங்களுக்கு இன்னும் நேரவில்லை. அதை அப்படியே காப்பாற்றுங்கள். இரண்டாவதற்கு ஓட்டுப் போட்டிருக்கவே வேண்டாம், படிவமே போதும் என்றுதான் அரசுத் தரப்பு நிற்கும். அதோடு, நாடுகடத்தலுக்கு அது 'தெரிந்தே' சொன்ன பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2019இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கவனிக்காமல் கையெழுத்திட்டேன் என்பது குற்றவியல் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றலாம். குடிவரவு நீதிமன்றத்தில் அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. இரண்டு காரணங்களுக்கும் சட்டமே தரும் விலக்கு ஒன்று உண்டு: பெற்றோர் இருவரும் அமெரிக்கக் குடிமக்களாக இருந்து, 16 வயதுக்கு முன்பே இங்கே நிரந்தரமாகக் குடியேறி, தானும் குடிமகன் என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது.

இனி, இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாக விழும் குழிகள். முதல் குழி, அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவது. அட்டையைக் கிழித்தாலும் பதிவு அப்படியே இருக்கும். 2025இல் டெக்சாஸ் தன் வாக்காளர் பட்டியல் முழுவதையும் 'சேவ்' என்னும் குடிவரவுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, 2,724 பேர் குடிமக்களாக இல்லாமல் இருக்கக்கூடும் என்று கவுண்டிகளுக்கு அனுப்பியது. அதில் உண்மையான குடிமக்கள் பெயர்களும் சிக்கின என்பது வேறு விஷயம். உங்கள் பெயர் அப்படிச் சிக்கினால் அது பிழையாக இருக்காது. நடுவர் பணிக்கு அழைப்பு வந்து, அதில் நீங்கள் சரியாகவே 'குடிமகன் இல்லை' என்று குறித்து அனுப்பினாலும் அந்தத் தகவல் வாக்காளர் பதிவாளரிடம்தான் போய்ச் சேரும். அங்கே ஒரே பெயருக்கு இரண்டு விதமான பதில் இருக்கும். அதற்காக அழைப்பில் பொய் சொல்லிவிடாதீர்கள், அது இரண்டாவது தவறாகிவிடும்.

இரண்டாவது குழி, மனசாட்சி உறுத்தி உடனே கவுண்டிக்கு நீங்களே கடிதம் எழுதுவது. "நான் குடிமகன் இல்லை, தவறுதலாகப் பதிந்துவிட்டேன், நீக்குங்கள்" என்று எழுதினால், தகுதியற்றவர் பதிவு செய்திருப்பதாகத் தெரிந்த பதிவாளர் அதை அட்டர்னி ஜெனரலுக்கும் உள்ளூர் அரசு வழக்கறிஞருக்கும் சட்டப்படியே தெரிவிக்க வேண்டியவர். உங்கள் கடிதமே சாட்சியாகிவிடும். அதற்காகச் சும்மா இருங்கள் என்று சொல்லவில்லை. அதிகாரி கண்டுபிடிக்கும் முன்பே தானாக முன்வந்து திரும்பப் பெற்ற பொய்க்கூற்று குடிவரவுச் சட்டத்தில் வேறு விதமாகப் பார்க்கப்படுகிறது. அந்த வாய்ப்பு நாளாக ஆகக் குறையும். நீக்கத்தான் வேண்டும், சீக்கிரம் நீக்க வேண்டும். ஆனால் எந்தச் சொற்களில், யார் பெயரில், எந்தக் காகிதத்தை இணைத்து அனுப்புவது என்பதைக் குடிவரவு வழக்கறிஞரும் குற்றவியல் வழக்கறிஞரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அவர்கள் முதலில் இரண்டு ஆவணங்களை வாங்குவார்கள். ஒன்று, நீங்கள் கையெழுத்திட்ட மூல விண்ணப்பத்தின் சான்றளித்த நகல். குறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த மையில் இருக்கிறது, மற்ற விவரங்கள் யார் கையெழுத்தில் இருக்கின்றன என்பது அதில்தான் தெரியும். மற்றது, ஒரு தடவைகூட ஓட்டுப் போடவில்லை என்று காட்டும் வாக்களிப்பு வரலாறு. அட்டையை வந்த உறையோடு பத்திரமாக வையுங்கள். படிவம் தந்த தன்னார்வலருக்கு வாட்ஸாப்பில் எதையும் எழுதாதீர்கள்.

மூன்றாவது குழிதான் ஆழமானது: குடியுரிமை விண்ணப்பம். உங்களுக்கு 5 ஆண்டு நிறைகிற சமயம் இது, கை துறுதுறுக்கும். என்-400 படிவம் எப்போதாவது குடிமகன் என்று சொன்னதுண்டா என்றும், எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா என்றும் தனித்தனியாகக் கேட்கிறது. 'இல்லை' என்று எழுதினால் பொய். 'ஆம்' என்று எழுதினால், விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு நிறுத்தாமல் நாடுகடத்தல் வழக்குக்கான அறிவிப்பாணையையும் அனுப்ப முடியும். உண்மையைச் சொன்னால் மன்னித்துவிடுவார்கள் என்று நம்பிப் போனவர்கள் இந்த இடத்தில்தான் கிரீன் கார்டையே இழக்கிறார்கள். பதிவு விவகாரம் தீர்ந்து, வழக்கறிஞர் எழுத்தில் சரி சொல்லும் வரை என்-400 அனுப்பாதீர்கள். ஊருக்குப் போகும் டிக்கெட்டையும் அதுவரை தள்ளி வையுங்கள், திரும்பி வரும் விமான நிலையத்தில் கேள்வி எழுவது உங்களுக்கு நல்லதல்ல.

நாடுகடத்தல் வழக்கு வந்தேவிட்டாலும் கதவு முழுக்க அடைபடுவதில்லை. கிரீன் கார்டில் 5 ஆண்டும், சட்டப்படி அனுமதிக்கப்பட்டபின் தொடர்ந்து 7 ஆண்டு இங்கே வசிப்பும் இருந்தால் நாடுகடத்தலை ரத்துச் செய்யும்படி நீதிபதியிடம் கோரலாம். ஆனால் அது அவர் விருப்புரிமை, உங்கள் உரிமை அல்ல. அந்த நிலைக்கே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை.

உங்கள் நண்பர் செய்தது சரிதான். சான் பிரான்சிஸ்கோவில் 2016இல் நகர மக்கள் வாக்களித்து, பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் குடியுரிமை இல்லாவிட்டாலும் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் ஓட்டுரிமை கொடுத்தார்கள். அதற்குத் தனிப் படிவம், ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். அங்கேயும்கூட, தரும் தகவல் குடிவரவுத் துறை கைக்குப் போகக்கூடும் என்று தேர்தல் அலுவலகமே எச்சரிக்கிறது. அது அந்த ஊர்ச் சட்டம். டெக்சாஸில் அப்படி ஒன்று கிடையாது. வாக்காளர் பதிவெண் கேட்கும் மனுக்களிலும் கையெழுத்துப் போடாதீர்கள்; அதுவும் வாக்காளர் என்று சொல்வதுதான்.

அடுத்து வரி. நிறுத்திவைக்காதீர்கள். ஓட்டில்லாமல் வரி வாங்குவது அநியாயம் என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு இங்கே வீடு வைத்திருப்பவரும் கம்பெனிகளும் ஓட்டில்லாமல்தான் கட்டுகிறார்கள். ஜனவரி 31 தாண்டினால் பிப்ரவரியிலேயே 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறும். ஜூலை 1இல் அபராதம் 12 சதவீதமாகி, மாதம் 1 சதவீதமாகச் சேர்ந்த வட்டியோடு மொத்தம் 18 சதவீதம் ஆகும். அதன்மேல் வசூல் வழக்கறிஞர் கட்டணம் 20 சதவீதம் வரை சேரலாம். கடன் கொடுத்த வங்கி, மாதத் தவணையோடு வரிக்கென்று வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து கட்டுவதாக இருந்தால் நிறுத்துவது உங்கள் கையிலேயே இல்லை.

பணம் மிச்சமாகும் இடம் வேறு. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான ஹோம்ஸ்டெட் வரி விலக்கு வாங்கியிருக்கிறீர்களா என்று மதிப்பீட்டு மாவட்டத்தின் தளத்தில் பாருங்கள். அதற்குக் குடியுரிமை வேண்டாம். உங்கள் பெயரில் வீடு, அதில் குடியிருப்பு, அதே விலாசத்தில் ஓட்டுநர் உரிமம் போதும். பள்ளி வரிக்கு இந்த விலக்கு 2025 வரி ஆண்டிலிருந்து வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர். வரி வீதம் 100 டாலருக்கு 1.05 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,470 டாலர் மிச்சம். விட்டுப்போயிருந்தால் பாக்கியாகும் தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் பின்தேதியிட்டுக் கேட்கலாம். வாடகைக்கு விட்ட பழைய வீட்டிலும் விலக்கு ஓடிக்கொண்டிருந்தால் இன்றே எழுதி நிறுத்துங்கள், 5 ஆண்டு வரை பின்னோக்கி வசூலிப்பார்கள். மதிப்பீட்டை எதிர்க்க மே 15 அல்லது அறிவிப்புக் கடிதத்திலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு. முதல் சந்திப்பிலேயே மதிப்பீட்டு அதிகாரி 6,20,000த்தை 5,95,000க்கு இறக்கித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வாருங்கள். கையெழுத்திட்டபின் மேல்முறையீடு கிடையாது என்பது உண்மைதான். ஆனால் இன்னொரு 10,000 இறங்கினாலும் பள்ளி வரியில் 105 டாலர்தான், அதற்கு வழக்கு வேண்டாம்.

வாரியக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றிப் பேசும் உரிமை டெக்சாஸ் சட்டப்படி பொதுமக்கள் எல்லாருக்கும் உண்டு, வாக்காளருக்கு மட்டுமல்ல. முன்கூட்டிப் பெயர் கொடுத்து, தொடக்கப்பள்ளி விவகாரம் நிரலில் வரும் நாளில் பேசுங்கள். தலைவருக்குப் பிடிக்கவில்லை என்பதால் மட்டும் உங்களை மறுக்க முடியாது.

மைத்துனர் கொடுத்த 250 டாலர் தவறுதான். வெளிநாட்டவர் கூட்டாட்சி, மாநில, உள்ளூர் என எந்தத் தேர்தலுக்கும் பணம் தரக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் நீங்கள் தரலாம், எச்-1பியில் இருக்கும் அவர் தரக் கூடாது. வேட்பாளரின் பொருளாளருக்கு மைத்துனர் இந்த வாரமே மின்னஞ்சல் எழுதித் திருப்பிக் கேட்கட்டும், திரும்பி வந்த காசோலையின் நகலை வைத்துக்கொள்ளட்டும். அதே தொகையை உங்கள் பெயரில் நீங்கள் கொடுத்து அவர் உங்களுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் அவர் மேல் இருக்கும் தவறு உங்கள் மேலும் வந்து சேரும்.